மாலை ஐந்தரை முதல் எட்டு வரை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

இன்னும் பத்து வருடத்தில் உங்கள் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எழுதச் சொன்னோம். பெண்பிள்ளைகள் பலர் உத்தியோகத்தைப் பற்றி எழுதிய அதே தாளில் பாத்திரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். வேலை விட்டு வந்ததும் தான் மட்டும் அடுப்படியில் நிற்கக் கூடாது என்பதுதான் அவர்கள் ஆசை. தங்கையும் தன்னைப் போலவே படிக்க வேண்டும், தனக்கும் சமைக்கத் தெரிய வேண்டும் என்று எழுதிய பையன்களும் உண்டு.

மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் அது 2005-ல்தான் வந்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்தும் வீட்டு வேலை மட்டும் பங்கு பிரியவில்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் சேர்த்த கணக்கு. ஆண்களில் நான்கில் ஒருவர்தான் அதில் கைவைக்கிறார்.

இந்த வித்தியாசம் கல்யாணத்துக்குப் பிறகு தொடங்குவதில்லை. நம் பிள்ளைகளின் மாலை நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஐந்தரைக்கு வீடு சேரும் பெண்பிள்ளை குழாயில் தண்ணீர் பிடித்து, காலையில் போட்ட பாத்திரத்தைக் கழுவி, தம்பிக்குச் சாப்பாடு போட்டு முடிக்க மணி எட்டாகிவிடும். அதற்குப் பிறகு கணக்கு நோட்டைத் திறந்தால் இரண்டாவது கணக்கிலேயே கண் சொருகும். அதே வீட்டுப் பையன் விளையாடி முடித்துக் குளித்துவிட்டு ஏழு மணிக்குத் தெளிவாக உட்காருகிறான். நாளுக்கு ஒன்றரை மணி என்றாலும் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அது முந்நூறு மணி நேரத்தைத் தாண்டிவிடும். மதிப்பெண் குறைந்ததும் "அவளுக்குக் கணக்கு வராது" என்கிறோம். வராமல் இல்லை, நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே இந்த வாரம் ஒரு தாளை எடுத்து, காலை முதல் இரவு வரை வீட்டில் நடக்கும் எல்லா வேலையையும் எழுதுங்கள். விளக்குமாறு பிடிப்பது, பால் காய்ச்சுவது, துணி மடிப்பது வரை ஒன்றும் விடவேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள் என்று பக்கத்தில் போட்டு, நிமிடக் கணக்கில் பிரியுங்கள். "உள்வேலை அவளுக்கு, வெளிவேலை இவனுக்கு" என்று பிரித்தால் ஏமாந்துபோவோம். கடைக்குப் போவது பத்து நிமிடம், அதுவும் தினமும் இராது. பாத்திரம் தினமும் இரண்டு வேளை விழும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை வேலைகளை மாற்றிவிடுங்கள்.

பையனுக்கு முதல் வாரம் தான் சாப்பிட்ட தட்டையும் படுத்த பாயையும் எடுத்து வைப்பது போதும். இரண்டாம் வாரம் சோறு: ஒரு டம்ளர் புழுங்கலரிசியை மூன்று தண்ணீர் கழுவி, அரை மணி ஊறவைத்து, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் நான்கு விசில். முதல் நாள் குழைந்துபோகும், தட்டில் சோப்பு நுரை ஒட்டியிருக்கும். அப்போது அம்மாவோ பாட்டியோ "நகரு, நானே பண்ணிக்கிறேன்" என்று கையிலிருந்து வாங்கிவிட்டால் முயற்சி அன்றோடு நின்றுபோகும். பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் தாளில் தன் பெயரை எழுதினால்தான் பையன் அதை உண்மையென்று நம்புவான்.

பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு இன்னொன்று. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் கணக்கு குரூப்பு" என்று பிளஸ் ஒன் சேர்க்கையின்போது கேட்காதீர்கள். கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்தால் பி.இ. படிப்புகளுக்குப் பெரும்பாலும் அன்றே கதவு சாத்தப்படும். பாலிடெக்னிக் வழியும் இருக்கிறது: பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று வருட டிப்ளமோ, பிறகு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. கேட்ட குரூப் பக்கத்து ஊர்ப் பள்ளியில்தான் உண்டென்றால், அந்தத் தூரத்துக்காகப் பிள்ளையின் விருப்பத்தை மாற்ற வேண்டாம். நர்சிங் படிக்க ஆசைப்படும் பையனையும் தடுக்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022-ல் தொடங்கிய திட்டம் இது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். பணம் வராமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயம்தான்: மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். அல்லது பிள்ளையின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கோடு ஆதார் இணையவில்லை. பதினைந்து வயதில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும், அப்போதே பெயரையும் சரிபார்த்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருந்தால் அலைச்சல்தான்.

"நல்ல இடம் வந்திருக்கிறது" என்று பரீட்சைக்கு முன் நிச்சயம் பண்ணுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாமல் கல்யாணம் செய்வது குற்றம். நடத்தி வைப்பவருக்கும் தண்டனை உண்டு. உறவினர் நெருக்கினால் எங்களிடம் வாருங்கள், உங்களுக்காக நாங்கள் பேசுகிறோம். பிள்ளையே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அழைக்கலாம், கட்டணமில்லை.

வீட்டு வேலைத் தாளை அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அம்மா மட்டும் வருவதே வழக்கமாகிவிட்டது. இம்முறை அப்பாவும் கூட வர வேண்டும். அதற்காகவே கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி