தொலைக்காட்சி விவாத நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நெறியாளர்களுக்கு,

வணக்கம். திரையை ஆறு கட்டமாகப் பிரித்து, எதிரெதிர்க் கட்சிக்காரர்களை உட்கார வைத்து நீங்கள் நடத்தும் விவாதங்களை விடாமல் பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி. "ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று நீங்கள் மடக்க, "ஒரு நிமிஷம், முடிச்சிடறேன்" என்று அவர் கெஞ்ச, அதற்குள் இன்னும் மூன்று பேர் குறுக்கே புக, விளம்பர இடைவேளை வந்துவிடுகிறது. எதிர்த்தரப்பு ஏன் அப்படி நினைக்கிறது என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை.

சத்தம் போனால் போகட்டும், விளைவு அதோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 'மோர் இன் காமன்' என்ற அமைப்பு 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தங்களுக்கு எதிரான கட்சியின் ஆதரவாளர்களில் 55 சதவீதம் பேர் தீவிரக் கருத்துள்ளவர்கள் என்று இரு பெரிய கட்சியினரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் சுமார் 30 சதவீதம்தான். அதிலும், எப்போதாவது செய்தி பார்க்கிறவர்களைவிட எந்நேரமும் பார்க்கிறவர்களின் கணிப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிசகியிருந்தது. உங்களுக்கும் எனக்கும் சங்கடமான சேதிதான்.

அதனால் ஒரே ஒரு கோரிக்கை. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் ஒரு விதி சொன்னார். முன்னால் பேசியவரின் கருத்தை, "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் அடுத்தவர் தன் பேச்சைத் தொடங்கலாம். நமக்கும் இது புதிதில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதி, மாற்றுச் சமயத்தார் வாதத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுக்கப் போகிறது. மறுப்பில் காரத்துக்கு ஒரு குறைவும் இல்லை!

புரிந்துகொண்டால் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று பேச்சாளர்கள் பயப்படுவார்கள். வரியைக் குறைக்கச் சொல்பவரின் கவலையைச் சரியாக எடுத்துச் சொன்னதால், கூட்டச் சொல்பவர் தோற்றுவிடப் போவதில்லை. அதற்காகப் பொய்யையும் வெறுப்பையும் இன்னொரு 'கருத்தாக' உட்கார வைக்க வேண்டாம். பொய்யைப் பொய் என்று சொல்வது உங்கள் வேலை.

வாரத்தில் ஒரு நாள் இந்த விதிப்படி விவாதம் நடத்தினால் போதும். ஆறு பேர் வேண்டாம், இரண்டே பேர். பார்வையாளர் எண்ணிக்கை குறையுமோ என்று நிர்வாகம் கேட்கும், குறையலாம். முதல் நிகழ்ச்சி தடுமாறத்தான் செய்யும். எதிராளி சொன்னதைத் திரித்துத்தான் சொல்வார்கள், பழக்கம் அப்படி. அப்போது மைக்கை அணைக்காமல், "அவர் அப்படியா சொன்னார்? மறுபடி சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருத்தி