பாக்கெட் தீனி மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வகையை வளர்க்கிறவர்களிடம் "பூச்சி எதுக்கு, அதான் பாக்கெட் தீனி இருக்கே" என்று சொல்வது சகஜமாகிவிட்டது. அசைவதைப் பார்த்துப் பாய்ந்து பிடிக்கிற பிராணி அது. பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தட்டில் போட்ட காய்ந்த புழுவைப் பல கெக்கோக்கள் உணவென்றே கண்டுகொள்வதில்லை, இடுக்கியால் பிடித்து ஆட்டிக் காட்டினால் சில சாப்பிடும், சில அதற்கும் மசியாது. தவிர, காய்ந்த பூச்சியில் ஈரமும் இருக்காது.

சரி, உயிருள்ள பூச்சியைப் போட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. சிள்வண்டிலும் (கிரிக்கெட் பூச்சி) மாவுப்புழுவிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் எலும்பு பலமிழந்து, கால் வளைந்து, தாடையும் இளகிப்போகும். அதனால்தான் பூச்சிக்கு ஒரு நாள் முன்பே கீரை, காரட் என்று நல்ல தீனி கொடுத்து, அப்புறம் கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். கெக்கோவின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். தின்னாமல் விட்ட சிள்வண்டை இரவு முழுக்கக் கூண்டுக்குள் விட்டுவைத்தால் அது கெக்கோவையே கடிக்கும் (விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை).

தண்ணீரில் குழைத்துக் கொடுக்கும் பூச்சி மாவு, பூச்சி கிடைக்காத நாட்களுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் லேபிளைப் படியுங்கள், காய்கறியும் பழமும் கலந்தது பூச்சி மட்டுமே தின்னும் பிராணிக்கு எதற்கு? தோட்டத்தில் பிடித்த பூச்சியும் வேண்டாம், அதில் மருந்து தெளித்திருக்கலாம். மின்மினியோ பல்லி இனத்துக்கு விஷம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்