மட்டில்டாவுக்கு நீலம் வேண்டாம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம், உன் 1/35 அளவு மட்டில்டா மாடல், அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு அளவுள்ள பிரிட்டிஷ் டாங்கி. பெட்டிப் படத்தில் இருக்கிறதே என்று அந்த இளநீலத்தை மட்டும் அடித்துவிடாதே. நீ செய்யப்போவது இரண்டாம் உலகப் போரில் 1940 டிசம்பர் வண்டி. எகிப்தில் இத்தாலியர்களின் நிபேய்வா முகாமை 4வது இந்திய டிவிஷன் பிடித்தபோது முன்னால் போனவை 7வது ராயல் டேங்க் ரெஜிமெண்டின் மட்டில்டாக்கள்தான். அந்தக் காலத்தில் பாலைவனத்து பிரிட்டிஷ் வண்டிகளுக்கு 'கான்டர்' பாணியில் பெயிண்ட் அடித்தார்கள். ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேரான, சாய்வான பட்டைகள். நிறம் மூன்றுதான், பக்கத்தில் இருப்பது நிற எண்: லைட் ஸ்டோன் 61, சில்வர் கிரே 28, ஸ்லேட் 34. இதில் சில்வர் கிரே என்பது லேசாகப் பச்சை ஓடும் வெளிர் சாம்பல். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்து மட்டில்டா நெடுங்காலம் நீலப் பட்டையோடு நின்றதால் பலரும் அதையே நம்பிவிட்டார்கள். அருங்காட்சியக வண்டிகளுக்குத் திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அதனால் நிறத்துக்கு அவற்றைச் சாட்சியாக எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துப் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொள். நிறத்தை அவை சொல்லாது.

சரியான நிறம் கிடைத்தாலும் அப்படியே அடிக்காதே. 1/35 மாடலை ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது நிஜ வண்டியை 35 அடி தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நிறம் வெளிறித் தெரியும். அதனால் லைட் ஸ்டோனையே கொஞ்சம் கலந்து மற்ற இரண்டையும் வெளிறச் செய். ஸ்லேட்டுக்கு இது கட்டாயம். இல்லையென்றால் சின்ன வண்டியில் அது கறுப்பாகவே நிற்கும். அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்தால் ஒரு சாயல் கருக்கும். முதலில் வண்டியின் அடிப்பக்கத்தில் தடவிக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்.

பட்டை ஓரம் கூர்மையாக வர ஒரு வழி உண்டு. மாஸ்கிங் டேப்பை நகத்தால் அழுத்தி ஒட்டியதும், அதன் விளிம்பில் ஏற்கெனவே அடியில் இருக்கும் நிறத்தையே ஒருமுறை மெல்ல ஸ்ப்ரே செய். கசிகிற இடத்தை அது அடைத்துவிடும். அது காய்ந்த பிறகு அடுத்த நிறம்.

நான் 1944 பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கி மாடலில் இறங்கியிருக்கிறேன். அது வேறு உலகம். 1943 பிப்ரவரி முதல் ஜெர்மன் வண்டிகள் அடர் மஞ்சள் நிறத்தில்தான் வந்தன. அதன் மேல் அடிக்கப் பச்சையும் செம்பழுப்பும் களிம்பாக டப்பாவில் வரும். படைவீரர்கள் அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்துக்கொண்டார்கள். அதனால் ஒரே நிறம்கூட ஒரு வண்டியில் கெட்டியாகவும் இன்னொன்றில் நீர்த்தும் இருக்கும். எனக்கு அந்தச் சுதந்திரம் பிடித்திருக்கிறது.

ஸ்லேட் கலந்ததும் ஒரு பிளாஸ்டிக் துண்டில் தடவி அனுப்பு. படத்தில் பார்த்துச் சொல்வதைவிட நேரில் பார்த்தே சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி