எங்கள் மண்டபத்துக்கும் ஒருமுறை வாருங்கள்

மூளை ஆய்வாளர்களோடு உரையாடல் நடத்தும் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். மூளை ஆய்வாளர்களை மேடைக்கு அழைத்து, அவர்களுடைய ஆய்வையும் வாழ்க்கையையும் பற்றிப் பேசவைக்கும் உங்கள் மாலை நிகழ்ச்சிகளுக்குத் தவறாமல் வருகிறவள் நான். போன முறை நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். முதியோரின் ஞாபகசக்தி பற்றிப் பேசிய பேராசிரியர், நடுவே சபையைக் கலகலப்பாக்க ஒரு சம்பவம் சொன்னார். ஆய்வுக்கு வந்த பாட்டி ஒருவரிடம் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்களாம். இடித்துத் தரைமட்டமாகிப் பல காலமான ஒரு குடியிருப்பின் பெயரைச் சொன்னாராம் பாட்டி. அரங்கம் சிரித்தது.

அந்தப் பாட்டி என் அம்மா.

பெயரைச் சொல்லவில்லையே என்பீர்கள். உண்மைதான், விதிமுறை எதுவும் மீறப்படவில்லை. ஆனால் அம்மா அந்தப் பதிலைச் சொன்னபோது மொழிபெயர்க்கப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். "மேகசின் பாரக்ஸ்" என்றார் அம்மா. தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள், தெருக் கூட்டியவர்களும் குப்பை அள்ளியவர்களும், குடும்பத்தோடு அடைந்து கிடந்த வரிசை வீடுகள் அவை. அம்மா பிறந்தது அங்கேதான். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைக்க 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, 1960களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். அம்மாவின் பதிலுக்குத் தாளில் பூஜ்யம் விழுந்தது. பூஜ்யம் சரியாகவே இருக்கலாம். சிரிப்புக்குத்தான் எனக்குக் கணக்குப் புரியவில்லை.

அன்றைய சோதனையையும் கொஞ்சம் கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டார்கள். அம்மா "மாடு, ஆடு" என்று தொடங்கி, துணி ஃபேக்டரியில் பழகிய ஜுலு மொழியில் நாயை "இன்ஜா" என்று சொல்லி, ஆங்கிலத்தில் "மங்கி" என்று முடித்தார். ஆய்வுக்காகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்ட பிள்ளைக்கு மங்கி மட்டும்தான் எழுத வந்தது. மற்றதை நான் சொல்லச் சொல்ல, சேர்க்கலாமா கூடாதா என்று அது பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்தது. அடுத்து ஓர் ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளச் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர் அம்மா. முன்னாலிருந்து சொல்லவே தெரியாதவர் பின்னாலிருந்து எப்படிச் சொல்வார்? துனீ சீட்டாட்டத்தில் யார் கையில் என்ன சீட்டு என்று இன்றைக்கும் கண்டுபிடித்துவிடுவார். அதைக் கேட்க அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இரத்தம் கொடுத்தார். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அந்த 'டக் டக்' சத்தத்தில் அசையாமல் படுத்திருந்தார். "முடிவு தெரிந்ததும் வந்து சொல்கிறோம்" என்றார்கள். யாரும் வரவில்லை. முடிவை நான் தெரிந்துகொண்டது உங்கள் அரங்கத்தில், ஒரு நகைச்சுவையாக.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. உங்கள் உரையாடல்களில் ஒன்றையாவது சாட்ஸ்வொர்த்தில், எங்கள் மண்டபத்தில், ஆய்வுக்கு உட்கார்ந்த முதியவர்கள் முன்னால் நடத்துங்கள். தமிழில் சொல்ல ஆள் வைத்து நடத்துங்கள்.

இது புதுசாக நான் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. இதே தென்னாப்பிரிக்காவில் சான் என்ற பழங்குடி மக்கள் 2017இல் ஆய்வாளர்களுக்கென்று ஒரு நெறிமுறையே எழுதி வெளியிட்டார்கள். முடிவைத் திரும்ப வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போவது அவமரியாதை என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. இந்நாட்டு ஜெர்மிஸ்டனில் பிறந்து நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் சிட்னி பிரென்னரை நீங்கள் அடிக்கடி பெருமையோடு குறிப்பிடுகிறீர்கள். அவர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த சின்னஞ்சிறு புழுவுக்கு மொத்தமே 302 நரம்பணுக்கள். அவற்றின் முழு இணைப்புப் படம் 1986இல் வெளியானது. அந்தப் புழுவிடம் போய் யாரும் முடிவைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களிடம் சொல்ல வேண்டும், ஐயா.

விஞ்ஞானிகளின் வாழ்க்கை என்கிறீர்கள். நிதி கிடைக்காத கஷ்டம், திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை, ஆய்வகத்திலேயே விடிந்த இரவுகள் எல்லாவற்றையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டோம். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய அந்தப் பிள்ளைக்கும் ஒரு விஞ்ஞான வாழ்க்கை இருந்ததே! முடிவு கேட்டு நான் கூப்பிட்டபோது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி அந்த விவரம் எதுவும் தன் கைக்கு வராது என்று அழாத குறையாகச் சொன்னது. அடுத்த மாதத்துக்கு வேலை தேடிக்கொண்டிருந்தது. அதையும் ஒருநாள் மேடையேற்றுங்களேன். பேராசிரியர்களுக்குத் தெரியாத சில சங்கதிகள் அதற்குத் தெரியும். வீடு வீடாக டீ குடித்த பிள்ளை அது.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது இதுதான்: எங்கள் மண்டபத்துக்கு வாருங்கள். சும்மா கைதட்ட நாங்கள் கூடமாட்டோம், கேள்வி இருக்கிறது. 2013இல் ஹைதராபாத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மறதி நோய் வந்த 648 பேரைப் பார்த்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. தமிழும் ஜுலுவும் ஆங்கிலமும் கலந்து பேசியே கிழவிகளாகிவிட்ட எங்கள் அம்மாக்களைப் பற்றி டர்பன் ஆய்வு என்ன சொல்கிறது? மூன்று மொழியில் வந்த மிருகங்களுக்குக் கடைசியில் மதிப்பெண் போட்டார்களா, அடித்துவிட்டார்களா? பூஜ்யம் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேருக்கு வெறும் ஆங்கிலம் தெரியாத குறை? இதைப் பேராசிரியர் வாயால் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் வசதி. தைப்பூசக் காவடி சமயத்தில் மட்டும் மண்டபம் கிடைக்காது. வாடகை வேண்டாம், டீயும் வடையும் எங்கள் பொறுப்பு. ஒலிபெருக்கியை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும், எங்களுடையது கரகரக்கும். மொழிபெயர்க்க ஆள் கிடைக்காவிட்டால் நானே செய்கிறேன்.

தயவுசெய்து ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிகழ்ச்சிகளின் பார்வையாளர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்