முடியில்லாப் பூனைக்கு வேலை குறைவல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

முடி கொட்டாது, வீடு துப்புரவாய்க் கிடக்கும், பார்க்க வேலையே இராது: ஸ்பிங்ஸ் என்ற முடியில்லாப் பூனை இனத்தில் குட்டி வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்லப்படுவது இதுதான். இதில் முதலாவது மட்டுமே உண்மை. வெக்கையும் உப்புக்காற்றும் சேர்ந்த திருகோணமலையில் இந்தப் பூனைக்கு மற்றப் பூனைகளைவிடக் கூடுதலான கவனிப்பு வேண்டும். காசைக் கொடுக்க முன்னம் வாசகர்கள் இதை அறிய வேண்டும்.

பெயரைக் கேட்டு எகிப்தியப் பூனை என்று நினைப்பவர்கள் உண்டு. நம்மவர்கள் இவ்வளவு பேர் குடியிருக்கும் ரொறன்ரோவில்தான், 1966 இல், சாதாரண வீட்டுப் பூனை ஒன்றுக்கு மரபணு மாற்றத்தால் முடியில்லாத குட்டி பிறந்தது. முழு மொட்டை என்றும் சொல்ல முடியாது. மெல்லிய மயிரைப் பூனைமயிர் என்கிறோமே, அதுதான் இதன் உடம்பிலும் இருக்கிறது. தொட்டால் காய்ச்சல் மாதிரிச் சுடும். மற்றப் பூனைகளின் உடற்சூடுதான் இதற்கும். இடையில் முடி இல்லாததால் கைக்கு நேரே தெரிகிறது.

பெரிய வேலை தோல்தான். எல்லாப் பூனைகளின் தோலிலும் எண்ணெய் ஊறும், அதை முடி வாங்கிக்கொள்ளும். இதற்கு வாங்க முடி இல்லை. படுத்தெழும்பிய தலையணை உறையில் தேத்தண்ணிக் கறை போல மங்கிய பழுப்பு பிடிக்கும். கழுத்து மடிப்பையும் விரலிடுக்கையும் ஈரப் பஞ்சால் துடைத்தால் பஞ்சு கபில நிறமாகும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை, எண்ணெய் குறைந்த பூனையென்றால் பத்து நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்ட வேண்டும். நகத்தை முதல்நாளே வெட்டிவிடுங்கள். பேசினில் நாலு விரல் உயரத்துக்கு, முழங்கை உள்பக்கத்துக்கு இதமான இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும். வழுக்காமலிருக்க அடியில் ஒரு துவாய் விரியுங்கள். வாசனை சேராத பூனை ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, மென்துணியால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, வழுவழுப்புப் போகும்வரை அலசுங்கள். மிச்சம் நின்றால் சொறியும். பிறகு உடனே ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும், முக்கியமாகக் கக்கத்திலும் தொடையிடுக்கிலும். நம்மூர்ப் புழுக்கத்தில் ஈரமும் எண்ணெயும் தேங்கிய மடிப்பில்தான் மலசீசியா என்ற பூஞ்சை பெருகி, சிவந்து, புளித்த வாடை வரும். அப்படி வந்தால் குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பூவை மிருக வைத்தியர் எழுதித் தருவார். அதைப் பூசிப் பத்து நிமிடம் விட்டுத்தான் கழுவ வேண்டும். உடனே கழுவினால் பலனில்லை. தினமும் குளிப்பாட்டுவதும் பிழை, தோல் வறண்டு வெடிக்கும்.

தோல் வறண்டிருக்கிறதென்று தேங்காயெண்ணெய் பூசுவது நம்மிடையே வழக்கம். இந்தப் பூனைக்கு அது பூஞ்சைக்குச் சாப்பாடு வைப்பது போன்றது. டெட்டோல் கலந்த தண்ணீரைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்; பூனை உடம்பை நக்கும், அதன் ஈரலால் அந்த நஞ்சை முறிக்க முடியாது. நாய்க்கு உண்ணி போக்க ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தும், ஒரேயொரு பனடோல் குளிசையும்கூடப் பூனையைக் கொல்லும். மாரியில் நுளம்பு கடிக்கிறதென்றால் யன்னலுக்கு வலை அடியுங்கள், பூனையின் மேல் எதையும் பூசாதீர்கள்.

காதுக்குள் கபில அழுக்கு சேர்வது இயல்பு. வாரமொருமுறை காது கழுவும் திரவத்தில் சில துளி விட்டு, அடிக்காதைப் பிசைந்து, விரலில் சுற்றிய பஞ்சால் எட்டிய மட்டும் துடையுங்கள். பஞ்சுக்குச்சி அழுக்கை உள்ளே தள்ளும். கோப்பித்தூள் போலக் கறுத்து, ஓயாமல் காதைச் சொறிந்தால் அது காதுப்பேன்.

கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் காலை பத்து மணி தொடக்கம் பின்னேரம் நாலு மணி வரை முற்றத்துக்கு விடக் கூடாது. வெளிர்நிறப் பூனையின் காதும் மூக்கும் வெந்து, நாளடைவில் புற்றுநோய் வரலாம். நாம் பூசும் வெயில் கிறீம் வேண்டாம், அதிலுள்ள துத்தநாகமும் சாலிசிலேற்றும் நக்கினால் நஞ்சு. ஏசி அறையில் படுக்கப் போர்வை வையுங்கள்.

உடற்சூட்டைக் காக்க இது கூடுதலாகச் சாப்பிடும். கடற்கரை ஊரென்பதால் அவித்த மீனும் சோறும் மட்டும் கொடுப்பது சுகமான வழியாகத் தெரியும். பூனைக்குக் கட்டாயம் தேவைப்படும் டோரின் என்ற சத்தில் பெரும்பங்கு அவித்த தண்ணீரோடு போய்விடுகிறது; அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். முழுச்சத்துள்ள பூனை உணவே அடிப்படையாக இருக்கட்டும்.

இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஏற்ற பூனை என்பதும் தவறு. ஒவ்வாமை தருவது முடியல்ல, எச்சிலிலும் தோலெண்ணெயிலும் உள்ள புரதம்.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது இதயத் தசை தடிக்கும் நோய். இந்த இனத்தில் அது பரம்பரையாக வருகிறது, வெளியே தெரியாமல் வளரும். நித்திரையில் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பலமுறையும் 30 ஐத் தாண்டினால் வைத்தியரிடம் போங்கள். பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்து, குளிர்ந்து, பூனை கத்தினால் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. விற்பவரிடம் தாய், தகப்பன் இரண்டினதும் எக்கோ (இதய ஸ்கான்) அறிக்கையைக் கேளுங்கள். ஒருமுறை நன்றாக இருந்தால் போதாது, வருடாவருடம் எடுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் பூனைக்கு அந்தப் பரிசோதனையை எங்கே செய்விக்கலாம் என்பதையும் குட்டி வீட்டுக்கு வர முன்னரே விசாரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
பூனை வளர்ப்போர் சிலர்,
உப்புவெளி, திருகோணமலை.