டிசம்பருக்குள் வேண்டாம், பாப்பா

ராணிப்பேட்டை
ஐப்பசி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் தண்ணீர் வருகிறதென்று உன் அம்மா பாலம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மாப்பிள்ளை அனுப்பிய பழைய ஃபைபர் படகு போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கியதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் டிசம்பர் லீவுக்குள் தேய்த்து, பெயிண்ட் அடித்து, இறக்கிவிடுவோம் என்கிறாயே, அது வேண்டாம்மா. அதில் பேத்தியும் உட்காரப் போகிறாள்.

நான் படகு கட்டியவன் இல்லை. தோல் தொழிற்சாலைகளுக்கும் சிப்காட் கம்பெனிகளுக்கும் ஃபைபர் டேங்க் போட்டே காலம் போனது. காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் கொண்டுவந்த சின்னப் படகுகளுக்கு ஒட்டுப் போட்டதுண்டு. டேங்கில் தண்ணீர் உள்ளே நிற்கும், படகுக்கு வெளியே நிற்கும். ஃபைபரைப் பிடித்து இறுக வைக்கிற ரெசினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உன் படகின் அடியில் வரிசையாகக் கொப்புளம் தெரிகிறது. பல வருஷம் ஏரியில் கட்டியே கிடந்தது என்றாயே, அதனால் வந்தது. ஜெல் கோட் என்கிற மேல்பூச்சைத் தாண்டித் தண்ணீர் மெல்ல உள்ளே போய், ரெசினில் கரையக்கூடியதைக் கரைத்துக்கொண்டு, இன்னும் தண்ணீரை இழுக்கும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில் இது சீக்கிரம் வரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கொப்புளத்தைக் குத்திப் பார். புளித்த காடி வாசனையோடு நீர் வந்தால் சந்தேகமே வேண்டாம். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

எல்லாக் கொப்புளத்தையும் திறந்துவிட்டு, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, கொட்டகையில் காயவிடு. இங்கே அக்னி நட்சத்திர வெயில் காயவைத்துவிடும். ஆஸ்திரேலியாவில் உங்கள் ஹோபார்ட் குளிரில் மாதக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

முன்பக்கம் இடித்த இடத்தில் பழைய சொந்தக்காரர் காரின் பள்ளத்தை அடைக்கிற பட்டியை வைத்திருக்கிறார் போலிருக்கிறது. தண்ணீருக்குக் கீழே அது நிற்காது, ஈரம் குடிக்கும். முழுக்கச் சுரண்டி எடுத்துவிடு. சுற்றிலும் நாணயத்தால் தட்டிக்கொண்டே போ. கணீரென்று கேட்டால் நல்ல இடம், மொத்தென்று கேட்டால் உள்ளே மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, பிரிந்திருக்கிறது. அதையும் எடுக்க வேண்டியதுதான்.

வேலை செய்கிற இடத்தை முதலில் அசிடோனால் துடை, அப்புறம் தேய். மாற்றிச் செய்தால் பழைய மெழுகு உள்ளே ஏறி ஒட்டாது. ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனம் 5 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் 60 மில்லிமீட்டர் சரிவு, அதாவது 12 மடங்கு. ஒட்டின் பலமே இந்தச் சரிவில்தான் இருக்கிறது. இதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கொடுக்கும். இரண்டு மூன்று அடுக்கு போட்டு, ரோலரால் காற்றை வெளியேற்றி, சூடு தணிந்த பிறகு மீதியைப் போடு. சாதா ஜி.பி. (ஜெனரல் பர்ப்பஸ்) ரெசின் வேண்டாம், தண்ணீரை நன்றாகத் தாங்குகிற ஐசோ ரெசின் வாங்கு.

ரெசினை இறுக வைக்க ஊற்றுகிற ஹார்ட்னர் விஷயத்தில் என் கைக்கணக்கு உனக்கு ஒத்துவராது. இங்கே சித்திரையில் கிலோவுக்கு 10 மில்லியே அதிகம் போலிருக்கும். அங்கே 15 டிகிரிக்குக் கீழே ரெசின் இறுகவே தயங்கும். நல்ல வெயில் நாள் பார்த்துச் செய். அதற்காக 20 மில்லியைத் தாண்டவும் கூடாது. இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட் ரெசினில் கலந்து வராமல் தனியாகக் கொடுத்தால், அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ஹார்ட்னர் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும். மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லிவை.

கடைசி ஜெல் கோட்டில் மெழுகுக் கரைசல் சேர்க்கச் சொல், இல்லாவிட்டால் காற்றுப் பட்டு மேலே பிசுபிசுவென்றே நிற்கும். அப்புறம் வாட்டர் பேப்பர் 400, 800, 1200 என்று போய், காம்பவுண்ட் போட்டு மெருகேற்றுவதெல்லாம் உனக்கே வரும். சின்ன வயதில் பட்டறையில் பார்த்திருக்கிறாய்.

மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதே. கண்ணாடி இழைத் தூசிக்கு ஒரு மாஸ்க், ரெசின் ஆவிக்கு கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க். கையுறை, கண்ணுக்கு மூடின கண்ணாடி. ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. பேத்தியைக் கொட்டகைப் பக்கமே விடாதே.

பட்டியை எடுத்த பிறகு அந்த இடத்தை ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை அடுக்கு, எவ்வளவு ரெசின் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது பாலிதீனில் வியர்த்ததா இல்லையா என்று சொல்.

அன்புடன்,
நைனா