எங்களுக்குப் படிக்கத் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நோயாளிகள் பாதுகாப்பு குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘வார்டுக்கு அனுப்பப்படும் அறிக்கைகளைச் செவிலியர்கள் படிப்பதே இல்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி. 23 ஆண்டுகளாக வார்டில் நிற்பவள் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

எங்கள் கைக்கு வருவது எப்படிப்பட்ட அறிக்கை என்பது தாங்கள் அறியாததல்ல. சம்பவம் நடந்து மூன்று மாதம் கழித்து, நாற்பது பக்கங்களில், பொடி எழுத்தில் வரும். அதில் எங்கள் வார்டைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடும். ஒருமுறை, ‘நோயாளிகள் கீழே விழுதல் 100 சதவீதம் உயர்வு’ என்று சிவப்புக் கட்டம் போட்டிருந்தார்கள். எங்களுடையது 20 படுக்கை வார்டு. ஒரு படுக்கையில் ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் அது ஒரு படுக்கை நாள். எல்லாம் நிரம்பியிருந்தாலும் 30 நாட்களுக்கு 600 படுக்கை நாட்கள்தான். முந்தைய மாதம் ஒருவர் விழுந்தார், அந்த மாதம் இருவர். ஆயிரம் படுக்கை நாட்களுக்கு 1.7 என்பது 3.3 ஆனது. கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொன்னவள் நான். இரண்டாண்டுக் கணக்கை மாதவாரியாக ஒரு கோட்டில் வரைந்திருந்தால், அது எப்போதும் உள்ள ஏற்ற இறக்கம்தானா என்று யாருக்கும் தெரிந்திருக்கும். இருவருமே விடியற்காலையில் கழிப்பறைக்கு எழுந்தபோது விழுந்தவர்கள். அந்த நேரத்தை விபத்துப் படிவத்தில் என் கையால் எழுதினேன். அறிக்கையில் அது இல்லை, கூட்டத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

தவறான மருந்தைக் கடைசி நொடியில் தடுத்த சம்பவங்களையும் ஆண்டுக்கணக்கில் எழுதிக் கொடுக்கிறோம். கிடைத்தது என்று ஒரு வார்த்தை திரும்பி வந்ததில்லை. என்னுடன் பணிபுரியும் ஆண் செவிலியர் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது. அறிக்கையில் நிறத்தோடு எண்களையும் போடுங்கள் என்று அவர் கேட்டதற்கும் பதில் இல்லை.

கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்று 1858இல் வட்டப்படம் வரைந்து ஆட்சியாளர்களுக்குக் காட்டியவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். அவரும் செவிலியர்தான். அந்த வரியை எழுதியவர் அவரையாவது நினைத்திருக்கலாம்.

இக்கடிதத்தை வெளியிடுங்கள். அறிக்கை தயாரிப்பவர்கள் அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பக்கத்தை, ஒரே ஒரு பக்கத்தை, இரவு டியூட்டி முடிந்து வரும் செவிலியர் ஒருவரிடம் கொடுத்து, ‘இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தெரிகிறது?’ என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
மூத்த செவிலியர் ஒருவர்